ஆயுதம் களையப்பட்ட சீமை

கடையநல்லூருக்கு வடக்கே உள்ள சொக்கம்பட்டி ஒரு காலத்தில் ஒரு பாளையத்தின் தலைநகர். சிவகிரி, நெற்கட்டும்செவல் போன்ற மேற்குப் பாளையங்களைப் போல இங்கும் ஆயுதம் வீட்டுப் பொருள். பாளையக்காரரிடம் நிலம் பெற்றவன் ஏர் பிடிப்பான். அவர் அழைத்தால் ஈட்டியோ வேலோ திரித்துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு புறப்படுவான்.

திரித்துப்பாக்கியில் குதிரையை இழுத்ததும் பொறி பறக்காது. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத்திரி மருந்தைத் தொட்டால்தான் வெடிக்கும். மழை வந்தால் அது வெறும் தடி. அப்படியும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதற்கு அஞ்சியது.

1799 அக்டோபர் 16இல் கும்பினியை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பாளையக்காரர்களுக்குக் கும்பினித் தளபதி மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். ஆனாலும் 1801இல் போர் மீண்டும் மூண்டது. பாஞ்சாலங்குறிச்சியில் இடித்த கோட்டையே மறுபடி எழுந்து நின்றது! அப்போர் அடங்கியபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்சீமைக் குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஊர்க்காவலைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார்.

1857 கிளர்ச்சிக்குப் பின் நாடு முழுவதற்கும் அதே கதை. 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அப்பட்டமான ஓரவஞ்சனை அது.

இன்று நடப்பிலிருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் தேர்தல் காலத்தில் பொதுவாகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.