கொழுந்துக் கூடையும் முன்பள்ளியும்

கண்டிக்குத் தெற்கே மலைமடிப்புகளிடையே அமைந்த கலஹாவின் சுற்றுப்புறத் தோட்டங்களில், பொழுது புலர்ந்ததும் தாய்மார் பெரட்டுக்கு விரைகின்றனர். கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வது நெடுங்கால வழக்கம். முன்னர் அது குழந்தையைக் காத்து வைத்திருக்கும் இடமாகவே இருந்தது. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு முன்பள்ளிகளும் தோன்றியுள்ளன. அங்கே பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று வினவினால், பெற்றோர் பலர் தரும் விடை ஒன்றே: எழுதப் பழக வேண்டும்.

கல்வி எட்டாதிருந்த தலைமுறையின் ஏக்கம் அவ்விடையில் உள்ளது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் பிள்ளையின் கை அதற்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டுமன்றோ? மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை யாவும் குருத்தெலும்பே. மூன்று நான்கு வயதிலும் அவற்றுட் சிலவே இறுகியிருக்கும். அக்கையிற் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் செய்தால், எழுத்து வருமுன்னரே வெறுப்பு வந்துவிடும்.

ஜெர்மனியில் 1837ஆம் ஆண்டு சிறுவர்க்கெனக் கூடம் அமைத்த பிரெடரிக் புரோபெல், கம்பளிநூற் பந்துகளையும் மரக்கட்டைகளையுமே முதற் பாடநூல்களாக்கினார். 1907இல் ரோமாபுரியில் தம் பள்ளியைத் தொடங்கி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மொண்டிசோரி அம்மையாரும், கையின் வழியே அறிவு வளரும் என்றார். இக்காலத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, பாட்டு, கதை, எண், சித்திரம் யாவற்றையும் அதனைச் சுற்றியே அமைப்பர்.

கலஹாவில் தேயிலையை விடச் சிறந்த கருப்பொருள் ஏது? பிள்ளைகள் இலைகளைக் கொழுந்து, முற்றல் எனப் பிரிக்கட்டும். இரண்டிலையும் ஓர் அரும்பும் எண்ணி மூன்றென்று அறியட்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிக் கிள்ளும் அச்செயலே நாளைக்குப் பென்சிலைப் பற்றும் பயிற்சி. சிரட்டை இரண்டைக் கோலிற் கட்டித் தராசு செய்தால், பாரம், இலேசு என்ற சொற்கள் பொருளோடு மனத்திற் பதியும். கொழுந்தைப் பாயிற் பரப்பி வாடவிட்டு, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால், பச்சை மாறிச் செம்பழுப்பாகும், மணமும் வேறாகும். இது வெறும் விளையாட்டன்று. அயலிலுள்ள லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையில் மேசைமீது இலையைக் கையால் உருட்டியே தேயிலை ஆக்கினார். (மருந்து தெளித்த மலையிலிருந்து இலை கொண்டுவருதல் ஆகாது, ஆட்டம் முடிந்ததும் கைகழுவுதலும் பாடமே.)

இங்கே ஒரு தடை எழும். "கூடை வேண்டாமென்றுதானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், அங்கேயும் கூடையா?" என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஆனால் விளையாட்டில் ஒரே பிள்ளை கொழுந்தெடுப்பவளாகவும் தராசு பிடிப்பவளாகவும் கணக்கப்பிள்ளையாகவும் மாறி மாறி வருகிறாள். நிறுத்த நிறையைத் தானே பார்த்துக் கோடிட்டுக் குறிக்கிறாள். செக்ரோலில் முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்று பிறர்வாயாற் கேட்டறிந்த பாட்டிமார்க்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. தாயின் தொழில் பள்ளியிற் பேசத்தக்கது என்று அறியும் பிள்ளை, வகுப்பில் வாய் திறக்கவும் கூசாது.

அடுத்த வாரம் கருப்பொருள் பேருந்தாகலாம். அதன் பின்னர் தபாற்கந்தோர், மழை, மருத்துவமனை எனப் பலவும் வரலாம். கலஹாக் கடைவீதியிற் சிங்களமும் தமிழும் கலந்தே ஒலிப்பதால், கடை விளையாட்டில் இருமொழியிலும் விலை கேட்கப் பழக்குதல் எளிது. இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் பழைய பெட்டி, போத்தல்மூடி, விதை, துணி முதலியனவே. மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய், "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்பதை விடுத்து, "இன்றைக்கு யாராக விளையாடினாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம், அடுப்படியில் அவள் தேநீர் வடித்து முடிக்கும் வரை பிள்ளை பேசிக்கொண்டேயிருக்கும்.