ஃப்ரோடோவின் நிஜப் பெயர் தெரியுமா?

ஃப்ரோடோ என்று ஒருவன் கிடையவே கிடையாது. அவன் பெயர் மௌரா லபிங்கி! நானாகக் கிளப்பிவிடவில்லை, ஜே.ஆர்.ஆர். டோல்கீனே எழுதி வைத்திருக்கிறார். ஃப்ரோடோவை நாயகனாக்கி 1954-55-ல் வெளிவந்த 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல் ஏதோ பழஞ்சுவடியிலிருந்து தான் ஆங்கிலத்துக்குப் பெயர்த்தது என்று ஒரு பாவனை செய்தார் மனிதர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அல்லவா, பாவனையிலும் அரைகுறை வேலை கிடையாது. ஃப்ரோடோவின் இனமான குட்டி மனிதர்கள், அதாவது ஹாபிட்டுகள், பேச வெஸ்ட்ரான் என்றொரு மொழியைக் கற்பித்து, அதில் அவர்களுக்குப் பெயரும் சூட்டி, 'மொழிபெயர்ப்பு' என்ற சாக்கில் அத்தனையையும் மறைத்துவிட்டார்! எல்ஃபுகளின் மொழிகளோ இந்தக் கதைக்கே மூத்தவை. கதையில் வரும் எல்ஃபான லெகோலாஸின் பெயருக்கு அவர்கள் மொழியில் பச்சை இலை என்று அர்த்தம்.

என் செல்லம் ஃப்ரோடோவின் தோழன் சாம்தான். அவனுடைய வெஸ்ட்ரான் பெயர் பனஸீர், கூப்பிடுவது 'பன்'. அரைப்புத்திக்காரன் என்று அர்த்தம், பாவம். அதே அர்த்தமுள்ள பழைய ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடித்துத்தான் சாம்வைஸ் ஆக்கினார். கேம்ஜீ என்ற குடும்பப் பெயர் இன்னும் வேடிக்கை. ஜோசஃப் சாம்சன் கேம்ஜீ என்ற அறுவை மருத்துவர் 1880-ல் பர்மிங்காமில் காயத்துக்குக் கட்டும் பஞ்சுத் துணி ஒன்றைக் கண்டுபிடித்தார். டோல்கீன் அந்த ஊர்ப் பக்கம் வளர்ந்த காலத்தில் பஞ்சுக்கே கேம்ஜீ என்றுதான் பேச்சு. இப்போது சாம் யாரைக் கட்டிக்கொள்கிறான் என்று பாருங்கள்: ரோஸி காட்டன்! கதையின் கடைசி வரை காத்திருந்து அடித்த ஜோக்.

கைப்பிரதிகளைப் புரட்டினால் தலை சுற்றும். ஆரம்பத்தில் நாயகன் பெயர் பிங்கோ. டோல்கீன் வீட்டுப் பிள்ளைகளின் பொம்மைக் கரடிக் குடும்பத்துக்கு இருந்த பெயர். பிங்கோ போய் கதையின் மந்திர மோதிரத்தை அழிக்க நெருப்பில் போடுவதை நினைத்துப் பாருங்கள்! பிற்பாடு அரசன் அரகார்ன் ஆன பாத்திரம் அப்போது மரச்செருப்பு மாட்டிய ஹாபிட், பெயர் ட்ராட்டர். இதற்கு முந்தைய கதையான 'த ஹாபிட்' எழுதத் தொடங்கியபோது கேண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர்; இப்போது அந்தப் பெயரைத் தாங்கும் மந்திரவாதிக்கு ப்ளேடார்தின். குள்ளர் பெயர்களை வோலுஸ்பா என்ற பழைய நார்ஸ் பாட்டிலிருந்து கொத்தாக அள்ளியிருந்தார். அந்தப் பட்டியலில் கேண்டால்ஃபும் ஒன்று. ஆனால் பிரித்தால் 'கோல்' ஒரு பக்கம், 'எல்ஃப்' ஒரு பக்கம். கோல் பிடித்த கிழவருக்கு அதைவிட்டால் வேறு எது பொருந்தும்? பெயர் கைமாறியது.

1956-ல் டோல்கீனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லண்டன்வாசி, நிஜப் பெயரே சாம் கேம்ஜீ! ரேடியோவில் தன் பெயர் அடிபடுகிறதே, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். டோல்கீனுக்கு ஒரே குஷி. பதில் எழுதி, கையெழுத்திட்ட புத்தகங்களையும் அனுப்பினார். அடுத்த தபாலில், கதையில் மோதிரத்துக்காக அலையும் கொல்லம் என்ற பிறவியிடமிருந்து கடிதம் வந்துவிடுமோ என்றுதான் அவருக்குக் கொஞ்ச நாள் பயம்.