இறகு உதிரும் கோழியை அவசரப்பட்டு அறுத்து விடாதீர்கள்!

நேற்று வரை பளபளவென்று திரிந்த பெட்டைக்கோழி இன்று கழுத்து வெளுத்து, வால் உதிர்ந்து, தேய்ந்த விளக்குமாறு போல மூலையில் நிற்கிறது. முட்டையும் நின்று போயிற்று. "சீக்கு வந்துவிட்டது, சாவதற்குள் குழம்பு வைத்து விடலாம்" என்று வீட்டில் கத்தியைத் தேடுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பீடோர் வரை கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சிதான். ஆனால் அப்படி அறுபடுகிற கோழி, இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் மறுபடியும் முட்டையிடக் கூடிய கோழியாக இருக்கலாம்.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நாளில் பால் குறைவதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழியின் கதையும் அதுவே. ஏறக்குறைய ஒன்றரை வயதில் தொடங்கி, ஆண்டுக்கொரு முறை பழைய இறகைக் கழித்துப் புதியது போட்டுக் கொள்ளும். தலை, கழுத்து, முதுகு, மார்பு, இறக்கை, வால் என்று வரிசையாக இறங்கி, 8 முதல் 12 வாரங்களில் முடியும். குளிர் நாடுகளில் பகல் குறுகும்போது எல்லாக் கோழிகளும் ஒன்றாக உதிர்க்கும். ஈப்போவிலோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரைமணி நேரந்தான் வித்தியாசம். ஆகவே இங்கே ஒன்று ஜனவரியில் உதிர்க்கும், மற்றொன்று ஜூலையில் உதிர்க்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் மொட்டையாக நிற்பதால்தான் நோயென்று பயந்து விடுகிறோம்.

இறகில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புரதம். மிஞ்சிய சோற்றையும் தேங்காய்ப் பூவையும் மட்டும் போட்டால் எங்கிருந்து முளைக்கும்? உப்புப் போகக் கழுவிய நெத்திலித் தலை, கறையான், முட்டைக்கோழித் தீவனம், ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். கருவாட்டைக் கழுவாமல் போடக் கூடாது. அதிக உப்பு கோழியைக் கொன்றுவிடும்.

உதிர்ந்த இடத்தில் முள் போலப் புது இறகு தெரிந்தால் கவலையில்லை. முள்ளில்லாமல் தோல் சிவந்திருந்தால் ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறப் பேன் ஓடும், இறகின் அடியில் ஈர் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். செவ்வுண்ணி இன்னும் தந்திரக்காரன். பகலில் பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பொழுது சாய்ந்தும் கோழி கூட்டுக்குள் போக மறுத்தால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரத்தமில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது. கூட்டைச் சில வாரம் காலியாகப் போட்டு வைப்பதால் ஒழியாது. இடுக்கெல்லாம் சுரண்டிக் கழுவி, காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

லயத்துக் காலத்தில் ரப்பர் விறகடுப்புச் சாம்பல் மேட்டில் கோழிகள் புரண்டு தாமே பேனைக் கொன்று கொண்டன. தாமான் வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பு வைத்த பிறகு அந்தச் சாம்பலுக்கு எங்கே போவது! ஒரு பெட்டியில் உலர்ந்த மணலும், கிடைத்தால் கொஞ்சம் சாம்பலும், ரப்பர் இலை நோய்க்குத் தூவுவார்களே அந்தக் கந்தகப் பொடி ஒரு கைப்பிடியும் கலந்து நிழலில் வையுங்கள். பேன் மருந்து போட்டால் பத்து நாள் கழித்து மீண்டும் போட வேண்டும். ஈர் அதற்குள் பொரித்துவிடும். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சி மருந்தை மட்டும் கோழி மேல் தடவாதீர்கள். அந்த முட்டையைத் தின்னப் போவது உங்கள் பிள்ளைகள்.

முதுகும் பிடரியும் மட்டும் வெறுமையானால் குற்றவாளி சேவல்தான். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அடைக்கோழி மார்பிறகைத் தானே பிடுங்குவது முட்டைக்குச் சூடு கொடுக்க. அதற்கு வைத்தியம் வேண்டாம்.

கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து, மூச்சுத் திணறினால் அது வேறு விஷயம். அதுதான் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும் வெக்கை நோய். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். உடனே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 1948 முதல் ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கி வருவது பேராக்காரர்களுக்கு ஒரு வசதி.

முள்ளிறகுக்குள் இரத்தம் ஓடும். தொட்டாலே வலிக்கும், முறிந்தால் இரத்தம் கசியும், கசிவதைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். ஆகவே அந்த வாரங்களில் கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.