ஊர் போட்ட மதிப்பெண், தோழர்கள் போடும் மதிப்பெண்

1998 டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' என்ற கணினி விளையாட்டு வெளியானபோது, அதில் நம் ஒழுக்கத்துக்கு ஒரே ஒரு எண்தான் இருந்தது. 1 முதல் 20 வரை. ஆறு பேர் வரை சேர்ந்து நடக்கும் குழு முழுவதற்கும் அதுவே பேர். அப்பாவியைக் கொன்றால் சரியும், ஊருக்கு உதவினால் ஏறும். ஏறினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார், இறங்கினால் கூட்டுவார். அடிமட்டத்துக்குப் போய்விட்டால் 'ஃப்ளேமிங் ஃபிஸ்ட்' என்ற காவல் படை வீரர்கள் தேடி வந்து அடிப்பார்கள். கெட்ட பேரைச் சரிசெய்ய ஒரு குறுக்குவழியும் உண்டு: கோயிலில் பணம் கட்டினால் போதும்.

உடன் வருபவர்களும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நடந்துகொண்டார்கள். இந்த விளையாட்டுக்கு அடிப்படையான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் விதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்பது குணவகைகளில் ஒன்று பிறப்பிலேயே ஒட்டப்பட்டிருக்கும். எண் உச்சத்தை நெருங்கினால் தீயவர்கள் முணுமுணுத்து விலகுவார்கள், அடியில் விழுந்தால் நல்லவர்கள் போய்விடுவார்கள். எதைச் செய்தோம், ஏன் செய்தோம் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

அந்த முறையின் கோளாறு முழுவதும் தெரியும் இடம் விகோனியா. டார்க் எல்ஃப் இனத்துப் பெண். ஃப்ளேமிங் ஃபிஸ்ட் வீரன் ஒருவன் கொல்லத் துரத்த, காட்டில் நம்மிடம் ஓடி வந்து காப்பாற்றச் சொல்கிறாள். அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் நம் மதிப்பு 2 புள்ளி குறைகிறது. அவள் இனத்தை ஊர் வெறுக்கிறது, அவ்வளவுதான். அடைக்கலம் கொடுப்பதற்கு அபராதம்! ஊர்ப் பேரும் அறமும் ஒன்றல்ல என்பதை அந்த விளையாட்டு அறிந்தே காட்டியதா, விதி போகிற போக்கில் அப்படி அமைந்ததா, எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் அந்த 2 புள்ளியைக் கொடுத்து அவளைச் சேர்ப்பதுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் லாரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3'ஐக் கொண்டுவந்தது. குணவகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடமே இதில் இல்லை. குழுவுக்கான பொதுப் பேரும் இல்லை. வணிகர்கள்கூட ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு வார்த்தை சொன்னதும், ஒருவருக்குப் பிடித்தது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்று திரையின் ஓரத்தில் வரி ஓடுகிறது. தோழர்கள் தனித்தனியாக மதிப்பிடும் இந்த வழக்கம் புதிதல்ல, முதல் 'பால்டர்ஸ் கேட்'டை உருவாக்கிய பயோவேர் நிறுவனமே 2009இல் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் செய்ததுதான். லாரியன் அதை ஆழமாக்கியது. அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கும் மின்தாரா என்பவளோடு நாம் கைகோத்தால், தோழர்களான வில், கார்லாக் இருவரும் பிரிந்துபோகிறார்கள். எந்த எண்ணும் அவர்களைத் துரத்துவதில்லை. அந்தக் கொலைகளைத் தாங்க முடியாமல் போகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தோழனான ஆஸ்டாரியனின் கதை. இருநூறு ஆண்டுகள் ஒரு வாம்பயரிடம் அடிமையாகக் கிடந்தவன். தொடக்கத்தில் பிறருக்கு நாம் இரங்கினாலே முகம் சுளிப்பான். கடைசியில், 7,000 உயிர்களைப் பலியிட்டுத் தானே பெரும் வாம்பயராகும் சடங்கு அவன் கைக்கு வருகிறது. அவனைத் தடுத்துப் பேசலாம். அந்த நேரத்தில் அது அவனுக்கு வலிக்கிறது. பிறகு நன்றி சொல்கிறான். தலையாட்டி மட்டும் நட்பைக் காப்பாற்ற முடியாது என்பதை 1998இன் விதிகளால் சொல்லியிருக்கவே முடியாது.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். ஓரத்தில் ஓடும் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து, தோழருக்குப் பிடித்த பதிலைத் தேடிப் பேசும் பழக்கம் வந்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்று வந்தால் முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போகிறோம். அன்று முன்பின் தெரியாத கடைக்காரரும் காவலரும் சேர்ந்து நம்மை எடைபோட்டார்கள். இன்று முகாமில் உடன் உறங்குபவர்களின் அன்பே பெரிதாகி, ஊரின் குரல் தணிந்துவிட்டது.

இரண்டையும் சேர்க்க வழி இல்லாமல் இல்லை. 2015இல் வந்த 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' விளையாட்டு, ஒவ்வொரு ஊரிலும் நாம் செய்த நன்மையையும் தீமையையும் தனித்தனிக் கணக்காக வைத்தது. ஒன்று மற்றதை அழிக்காது. நேர்மையாளர், கொடியவர், கருணையுள்ளவர் என்று நம் பேச்சுக்கும் தனியே பேர் சேர்ந்தது. கோயிலில் காசு கொடுத்து அந்தக் கணக்கைக் கழுவ வழியில்லை. லாரியன் உருவாக்கிய தோழர்களை அப்படியொரு ஊரில் நடமாட விட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன்.