ஓடையோரத்துப் பச்சைத் தட்டான்

தட்டான் என்றதும், மழைக்காலத்தில் மைதானத்தின் மேல் கூட்டமாய்ப் பறக்கும் மஞ்சள் தட்டான்தான் நம் நினைவுக்கு வருகிறது. மலையோடைகளில் வாழும் ஓர் ஊசித்தட்டானை நம்மில் பலர் அறிவதில்லை. கொல்லிமலை எடப்புளி நாட்டுக்குச் செல்லும் மாணவியர் அங்குள்ள ஓடைகளில் தேடிப்பார்க்க வேண்டிய பூச்சி இது.

ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்ட்ரீம் குளோரி’ என்பர். அறிவியல் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். 1758-இல் லின்னேயஸ் இதற்குச் சீனத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். ஆனால் தென்னிந்திய மலைகளும் இதற்குச் சொந்த ஊரே!

இதனை எப்படி அடையாளம் காண்பது? முதலில், ஊசித்தட்டான்கள் உட்காரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து மூடிக்கொள்ளும். மற்றத் தட்டான்கள் விரித்தே வைத்திருக்கும். நம் பூச்சி சுமார் ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஆணின் உடல் பளபளக்கும் பச்சை. முன் சிறகுகள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பின் சிறகுகளின் மேற்புறம் மயில் கழுத்துப் பச்சை, நுனி கறுப்பு. ஆனால் அவற்றின் அடிப்புறமோ மங்கிய பழுப்பு! ஆகவே சிறகை மூடிக் கல்லின்மேல் அமர்ந்திருக்கையில் ஏதோ கறுத்த பூச்சி என்றே எண்ணுவோம். சிறகை விரித்த கணத்தில்தான் பச்சை பளிச்சிடும். பலர் இதைக் கண்டும் காணாமல் போவதற்குக் காரணம் இதுவே எனத் தோன்றுகிறது.

பெண்ணுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. சிறகுகள் இளம்பழுப்பு, பின் சிறகின் நடுவிலும் நுனியருகிலும் வெண்பொட்டுகள் உண்டு. அந்தப் பொட்டுகளே அடையாளம். நிழலில் வாழும் வெஸ்டாலிஸ் என்னும் மற்றொரு பச்சை ஊசித்தட்டானோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கும் உடல் பச்சைதான். ஆனால் பின் சிறகில் பச்சை நிறம் கிடையாது.

இந்தப் பச்சை சாயம் அன்று. சிறகிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. சோப்புக் குமிழியில் நாம் காணும் வண்ணத்தைப் போன்றது. 2004-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். பெண்ணைக் கவர விரும்பும் ஆண், முன் சிறகுகளால் மட்டும் பறந்துகொண்டு, பின் சிறகுகளை விரித்துக் காட்டுமாம்.

பெண் பூச்சி நீரில் மூழ்கிய செடிகளிலும் வேர்களிலும் முட்டையிடும். குஞ்சுகள் நீருக்குள்ளேயே வளரும். வால்நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருக்கும். ஓடும் தெளிந்த நீர் இன்றி இவை வாழா. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பல, ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறிவிட்டன. மரவள்ளிக் காட்டில் மண் எளிதில் அரித்துச் செல்லும். அந்த மண் ஓடையில் படிந்தால் குஞ்சுகள் பற்றியிருக்கும் வேர்களும் கற்களும் மூடிப்போகும். தட்டானைக் காணாத ஓடையைக் கண்டால், மேலே சரிவில் என்ன பயிர் என்றும் பார்க்கவேண்டும்.

தேடச் செல்வோர் பெரியவர் ஒருவருடன், வெயில் நன்கு ஏறியபின் செல்க. நம் நிழல் நீரில் விழாதபடி நின்று, நடு ஓடையில் துருத்தி நிற்கும் கற்களையே கவனிக்க வேண்டும். ஒன்று எழுந்து பறந்தால் பொறுத்திருங்கள். பெரும்பாலும் அதே கல்லுக்கே திரும்பி வரும்.