வற்றலும் ஊறுகாயும்: உணவுப் பாதுகாப்புச் சொற்களின் இலக்கணமும் செய்முறையும்

காய்களைப் பருவம் கடந்தும் கெடாமல் வைத்துக்கொள்ளத் தமிழர் இல்லங்களில் கையாளப்படும் முறைகளுள் வற்றலும் ஊறுகாயும் முதன்மையானவை. இவ்விரு பெயர்களும் இலக்கணக் கல்வியில் நன்கு அறிமுகமானவை. 'வற்றல்' தொழிலாகுபெயர், வற்றுதலாகிய தொழிலின் பெயர் அத்தொழிலுக்கு உள்ளான பொருளுக்கு ஆகி வந்தது. 'ஊறுகாய்' வினைத்தொகை, ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்திற்கும் விரியும். ஒன்றில் தொழில் முடிந்தது. மற்றொன்றில் அது முடியவில்லை. இச்சொற்களை ஆக்கியோர் வேதியியல் அறிந்தே ஆக்கினர் என்பது இதன் கருத்தன்று. எனினும் அடுக்களை நடைமுறை இவ்வேறுபாட்டோடு பெரிதும் பொருந்துகிறது.

சுண்டைக்காயும் கொத்தவரையும் மணத்தக்காளியும் நன்கு உலர்ந்தபின் அவற்றில் நுண்ணுயிர் வளர்தற்குரிய நீர் இல்லை. பின்னர் வேண்டுவது ஈரம் மீண்டும் புகாமல் காப்பதே. மழைக்காலம் கழிந்ததும் வற்றலை ஒருமுறை வெயில் காட்டுதல் இதன்பொருட்டே.

ஊறுகாயில் காய் நீரோடே இருக்கிறது. மாவடுவை எடுத்துக்கொண்டால், விளக்கெண்ணெய் தடவிக் கல்லுப்பு இட்ட வடுக்களிலிருந்து உப்பு நீரை வெளியே இழுக்கிறது. சில நாள்களில் அவை சுருங்கித் தம் நீரிலேயே அமிழ்கின்றன. உப்பும் புளிப்பும் அந்நீரை நுண்ணுயிர்க்கு ஒவ்வாததாக்குகின்றன. ஆனால் அச்சமநிலை எளிதில் குலையக்கூடியது. நாள்தோறும் குலுக்கிவிடுதல், ஜாடியின் வாய்க்கு வேடு கட்டுதல், ஈரக்கை படாமல் எடுத்தல் ஆகியன அதைக் காப்பவை. உப்பும் அமிலமும் உலோகத்தை அரிக்குமாதலின் பீங்கான் ஜாடி கொள்ளப்பட்டது. பெரும்பாணாற்றுப்படை மாவடுவைக் காடியொடு சேர்த்துக் கூறுவது இவ்வழக்கின் பழமையை நோக்கத் துணைசெய்யும்.

மோர்மிளகாய் இரு வகைக்கும் உரியது. இரவில் உப்பிட்ட மோரில் ஊறி, பகலில் வெயிலில் காய்ந்து, மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை மாறிமாறி இயலும் அது, இறுதியில் வற்றலாகவே முடிகிறது. ஆகவே சேமிக்கும் முறையும் வற்றலுக்குரியதே.

இன்றைய சமையற் குறிப்புகள் பலவற்றில் பொருள்களின் அளவு உண்டு. அவ்வளவு எதன்பொருட்டு என்பது இல்லை. குருதி அழுத்தம் கருதி உப்பைக் குறைப்போர், பாதுகாப்பின் ஒரு தூணையே எடுத்துவிடுகின்றனர் என்பதை அறிவதில்லை. எண்ணெய் மிதந்தால் போதும் என்ற எண்ணமும் அத்தகையதே. எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சணம் குறையும். ஆயின் காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நச்சுக் கிருமிக்கு அதுவே ஏற்ற சூழலாகலாம். புளிப்பில்லாத பூண்டை வெறும் எண்ணெயில் இட்டு வெளியே வைப்பது இதனால் இடர் தருவது. பி.எச். மதிப்பு 4.6-க்குக் கீழே இருப்பின் அக்கிருமி வளராது. பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ போதிய அளவு சேர்ப்பது சுவைக்கு மட்டுமன்று. உப்பும் புளிப்பும் குறைத்து இடப்படுவதைச் சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் உண்டு முடித்தல் வேண்டும்.