கடலோரக் கிணறும் நிலவியல் வகுப்பறையும்

நெய்தல் நிலத்திற்கென ஒரு வியப்பு உண்டு. அலை வந்து மீளும் கரையிலிருந்து சற்றே தள்ளி மணலைத் தோண்டினால், பல இடங்களில் குடிக்கத்தக்க நன்னீர் சுரக்கிறது. உப்புக்கடலுக்கு இத்துணை அருகில் இனிய நீர் எங்ஙனம் நிலைபெறுகிறது? கடலோர நீரை ஆராயும் நிலவியல் ஆசிரியர் தம் மாணவர்க்கு முதலில் விளக்க வேண்டியது இதனையே.

விடை எளியது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிராம். கடல்நீரின் எடையோ ஏறத்தாழ 1025 கிராம். ஆதலின், மணலுள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே ஒரு விதியை நிறுவினர். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் இருப்பின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பதே அவ்விதி. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. அளவின்றி இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. குடிநீரில் 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. 100 குடம் நீரில் 2 குடம் கடல்நீராக இருந்தாலே குளோரைடு ஏறத்தாழ 380 மில்லிகிராம் கூடிவிடும். கிணற்றைக் கெடுக்க இச்சிறு கலப்பே போதும்.

எனினும் உவர்ப்புக்கெல்லாம் கடலே காரணம் என்று துணிந்துவிடலாகாது. உப்பளம், இறால் பண்ணை, கழிவுநீர், பண்டைக் காலத்திலேயே மண்ணில் தங்கிய உப்பு ஆகியனவும் காரணமாகலாம். ஆகவே, ஒரே கிணற்றின் நீரை மாதந்தோறும் எடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் ஒப்புநோக்கிய பின்னரே ஆய்வாளர் முடிவு கூறுவர். இப்பொறுமையே வகுப்பறையில் மாணவர் பெறவேண்டிய பயிற்சி.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் நமக்கு ஓர் எச்சரிக்கை. நகருக்காகவும் பாசனத்திற்காகவும் அங்குப் பல்லாண்டுகள் நீர் மிகுதியாக இறைக்கப்பட்டமையால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. அதே பகுதியில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மணலும் மழையும் விலையின்றித் தந்ததை மின்சாரம் செலவிட்டுப் பெறுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீர்நிலை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. கிணற்றுக்கு உரியவரோ அவற்றைக் காண்பதில்லை. உவர், ஊற்று, கேணி எனும் சொற்கள் நம் மக்கள் நாவில் உள்ளன. அச்சொற்களாலேயே ஆய்வின் முடிவு ஊருக்குச் சென்று சேரவேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் மாணவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் சுவையையும் மாதம் ஒருமுறை குறித்து வைப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும். கிணறு முற்றும் உவர்த்தபின் அதனை மீட்க ஆண்டுகள் பல ஆகும். காப்பதோ இன்றே நம் கையில் உள்ளது.